நாற்காலிக்காரன் பாடப்போகிறான்

செப்டம்பர் முதல் வியாழக்கிழமை தொடங்கி அடுத்த மே மாதம் வரை எங்கள் நாட்டுப்புறப் பாட்டுச் சங்கத்தின் கச்சேரிகள். நிரலைப் பார்த்தவர்கள் இந்த வருடம் பிரமாதம் என்கிறார்கள். டிசம்பரில் நார்த்தம்பர்லாந்துக் குழல் வாசிக்க ஒருவர் வருகிறார். பிப்ரவரியில் ஸ்காட்லாந்திலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர். மார்ச்சில் கான்செர்டினாவோடு ஒரு பெரியவர். இதையெல்லாம் முடிவு செய்த ஏழு பேர் கமிட்டியில் நானும் உண்டு. என் பொறுப்பு நாற்காலி. உட்காருகிற நாற்காலி இல்லை, போடுகிற நாற்காலி.

இடம் நியூகாசில். டைன் ஆற்றை ஒட்டிய ஒரு பப்பின் மாடி அறை. 38 நாற்காலிகள், அதில் மூன்றுக்குக் கால் ஆடும். அந்த மூன்றையும் யாருக்குப் போடுவது என்பதுதான் எனக்கிருக்கும் ஒரே அதிகாரம்.

நான் இதில் மாட்டிக்கொண்டது ஒரு நவம்பர் மழையில். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு பப்புக்குள் ஒதுங்கினேன். கீழே டிவியில் கால்பந்து, காது கிழிகிற கூச்சல். கழிப்பறை மாடியில் என்று யாரோ கை காட்டினார்கள். படியேறினால் கதவோரம் ஒரு மேசை, மேசைமேல் தகர டப்பா, டப்பாவுக்குப் பின்னால் ஒரு பாட்டி. ஐந்து பவுண்டு என்றார். இந்த ஊர் விலைவாசி தெரிந்ததுதானே என்று நொந்துகொண்டே கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே வெள்ளைத் தாடிகளாக உட்கார்ந்திருந்தார்கள். மைக் இல்லை, மேடை இல்லை. ஒருவர் எழுந்து கண்ணை மூடி, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டார். பாவம், காதுவலி போல என்று நினைத்தேன். பாட ஆரம்பித்துவிட்டார். பக்கவாத்தியம் ஏதும் கிடையாது, வெறும் குரல். தன் குரல் தனக்குக் கேட்கத்தான் காதைப் பொத்துகிறார் என்பது பிறகு தெரிந்தது. எங்கள் ஊர்க் கோயில் கொடையில் பாடும் கிழவரும் அப்படித்தான் பொத்துவார். அவருக்கும் காதுவலி என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

நான்காவது அடியில் அறை முழுக்கச் சேர்ந்துகொண்டது. ஒருவர் மேலே போகிறார், இன்னொருவர் கீழே இறங்குகிறார், டப்பாப் பாட்டி நடுவில் எங்கோ நிற்கிறார். ஒருவரும் யாரையும் பார்க்கவில்லை. பெருமழை ஓட்டுக்கூரையில் இறங்குகிற மாதிரி இருந்தது. கழிப்பறை தேடி வந்தது மறந்துபோனது.

கடைசியில் எல்லோரும் எழுந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். எழுபது தாண்டியவர்கள் நாற்காலி தூக்க, நாற்பது வயதுக்காரன் உட்கார்ந்திருந்தால் அம்மா கனவில் வந்து அடிப்பாள். எழுந்து நான்கை அடுக்கினேன். அடுத்த வாரம் போனபோது நான் கமிட்டியில் இருந்தேன். இந்த நாட்டில் தன்னார்வலர் ஆவதற்கு ஆர்வம் தேவையில்லை. ஒரு நாற்காலியைத் தொட்டால் போதும்.

கமிட்டியில் எனக்கு முதல் கஷ்டம் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. பொருளாளருக்கு 78 வயது. அவரை எப்படி மொட்டையாகப் பெயர் சொல்வது? 'சார்' என்றேன். "அரண்மனையிலிருந்து எனக்கு இன்னும் பட்டம் எதுவும் வரவில்லையே" என்று சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் போய் நின்று இருமுவேன்.

சங்கத்தின் பொருளாதாரம் முழுக்கக் குலுக்கல் சீட்டில் ஓடுகிறது. டப்பாவில் விழும் காசு, வருகிற பாடகருக்குக் கொடுக்கவே சரியாகப் போய்விடும். இடைவேளையில் ஐந்து சீட்டு ஒரு பவுண்டு என்று கிழித்து விற்பார்கள். பரிசுகளை உறுப்பினர்களே கொண்டுவருவார்கள். ஒயின் பாட்டில் ஒன்று, பிஸ்கட் டின் ஒன்று, குளியல் உப்பு ஒரு டப்பா. ஒயின் போன இடம் தெரியாது. குளியல் உப்பு மட்டும் நான் வந்த முதல் நாள் எனக்கு விழுந்தது. வீட்டில் குளியல் தொட்டி இல்லை, அடுத்த மாதம் பரிசு மேசையில் திருப்பி வைத்தேன். அது இதுவரை ஆறு பேர் வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. ஒரு முறை ஸ்காட்லாந்து வரைக்கும் போய்வந்தது. இந்த வருட நிரலிலும் அது உண்டு.

சட்டச் சிக்கல்களும் இருந்திருக்கின்றன. பழைய காலத்தில் இங்கே தனி உரிமம் இல்லாத பப்பில் இரண்டு பேர் வரை பாடலாம் என்று ஒரு விதி. மூன்றாவது ஆள் வாயைத் திறந்தால் வம்பு. எல்லோரும் கூடிப் பாடுவதே வழக்கமான சங்கங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! 2003-இல் புதுச் சட்டம் கொண்டுவந்து அந்த இரண்டு பேர் சலுகையையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் மோரிஸ் ஆட்டத்துக்கு மட்டும் உரிமம் வேண்டாம் என்று பெயர் போட்டு விலக்குக் கொடுத்தார்கள். மோரிஸ் என்றால் முழங்காலுக்குக் கீழே சலங்கை கட்டி, கையில் கைக்குட்டை பிடித்து வரிசையாக ஆடுவது. நம் ஒயிலாட்டமேதான், வெயில் மட்டும் கிடையாது. கடைசியில் 2012-இல் நேரடி இசைக்கென்றே ஒரு சட்டம் வந்தது. பப் போன்ற இடத்தில் காலை 8 மணியிலிருந்து இரவு 11 வரை, 200 பேருக்குள் என்றால் ஒலிபெருக்கி வைத்தே பாடலாம். 2015-இல் அதை 500 ஆக்கினார்கள். 501-வது ஆள் வந்தால் என்ன செய்வது என்று எங்கள் கமிட்டியில் அரை மணி நேரம் விவாதித்ததாகக் குறிப்பேட்டில் இருக்கிறது. நாற்காலி 38.

வெளியூர்ப் பாடகர்களுக்கு ஓட்டல் அறை போட சங்கத்திடம் பணம் இல்லை. கமிட்டிக்காரர் வீட்டில்தான் படுக்கை. போன ஜனவரியில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. மிளகு ரசம் வைத்து டம்ளரில் கொடுத்தேன். மூன்று டம்ளர் குடித்தார், கண்ணில் நீர் கொட்டியது, இரவு 22 கண்ணி உள்ள பாட்டை நிறுத்தாமல் பாடினார். இந்தச் செய்தி பாடகர் வட்டாரத்தில் பரவிவிட்டது. நிரலில் வருகிறவர்களில் மூன்று பேர், எங்கே தங்குவது என்பதைச் சம்பளத்துக்கு முன்னால் கேட்டார்கள். நிரல் பிரமாதமாக அமைந்ததற்குக் கமிட்டித் தலைவரின் திறமை காரணம் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறது. இருக்கட்டும்.

பாட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர்களுக்கு அந்தக் காலத்துக் கொலையும் சாவும் என்றால் உயிர். ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் என்று ஹார்வர்ட் பேராசிரியர் ஒருவர், இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்கள் 305-ஐத் தொகுத்தார். 1882-இல் வெளிவரத் தொடங்கி 1898-இல் முடிந்தது. பாட்டுக்குப் பாட்டு ஆள் சாகிற அந்தத் தொகுப்பில், கடைசிப் பகுதி வருவதற்கு முன் 1896-இல் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நம்மூரில் குறள் எண் சொல்லி மடக்குகிறவர்கள் இருப்பார்களே, அதுபோல இங்கே சைல்ட் எண் சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் சங்கத்தில் அது ஒரு தாடிக்காரர். 84 என்றால் பார்பரா ஆலன், காதலனும் காலி, காதலியும் காலி. 10 என்றால் அக்கா தங்கையை ஆற்றில் தள்ளிவிடும் கதை. செத்தவளின் எலும்பிலும் கூந்தலிலும் ஒருவன் யாழ் செய்ய, அந்த யாழ் சபையில் உட்கார்ந்து கொலைகாரி யார் என்று பாடிவிடும். தாடிக்காரர் இதைப் பாடும்போது டப்பாப் பாட்டி கண்ணை மூடிப் புன்னகை செய்வார். எனக்கு இந்தப் பாட்டியைக் கண்டாலே கொஞ்சம் பயம்.

வினை வந்தது ஜூலை கமிட்டிக் கூட்டத்தில். செப்டம்பர் முதல் கச்சேரிக்கு முன்பாட்டு யார் என்று பேச்சு வந்தது. தாடிக்காரர் என்னைப் பார்த்தார். "நீ ஒன்றும் பாடியதே இல்லையே. உன் ஊர்ப் பாட்டைப் பாடு."

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1950-களில் லண்டனில் பாடகர் யூவன் மெக்கால் நடத்திய சங்கத்தில் ஒருவர் அமெரிக்கக் கருப்பினப் பாடகர் லெட்பெல்லியின் பாட்டை லண்டன் கொச்சையில் பாட, அமெரிக்கப் பாடகி பெக்கி சீகருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதிலிருந்து பிறந்தது ஒரு விதி: அவரவர் தம் நாட்டுப் பாட்டை, தம் மொழியில்தான் பாட வேண்டும். விதி போட்ட மெக்கால், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு சால்ஃபோர்டில் பிறந்தவர், இயற்பெயர் ஜேம்ஸ் மில்லர். அதைக் கேட்கக்கூடாது. தாடிக்காரருக்கு மெக்கால் குலதெய்வம்.

எனக்கு என் ஊர்ப் பாட்டு என்ன தெரியும்? யோசித்தால் இளையராஜா பாட்டு நானூறு வந்தது. 1976-இல் 'அன்னக்கிளி'யில் அவர் கொண்டுவந்தது எங்கள் பக்கத்து மெட்டுத்தான் என்று வாதாடினேன்.

"வரிகள் யார் எழுதியது?"

"பஞ்சு அருணாசலம்."

"ஆசிரியர் பெயர் தெரிந்துவிட்டதே. அப்போது அது நாட்டுப்பாட்டு இல்லை."

"மெக்கால் எழுதிய பாட்டை மாதம் ஒருமுறை பாடுகிறீர்களே?"

"அவர் செத்து நாளாகிவிட்டது" என்றார். இளையராஜா நீடூழி வாழட்டும் என்று வேண்டிக்கொண்டு வாதத்தை விட்டுவிட்டேன்.

ஆசிரியர் பெயர் தெரியாத பாட்டாகத் தேட வேண்டியதாயிற்று. 1903-இல் செசில் ஷார்ப் என்பவர், சாமர்செட்டில் ஒரு தோட்டக்காரர் புல் வெட்டிக்கொண்டே பாடியதைக் கேட்டு எழுதிக்கொண்டதிலிருந்து இங்கே பாட்டுச் சேகரிப்பு ஒரு வெறியானது. அந்தத் தோட்டக்காரரின் பெயரே ஜான் இங்கிலாந்து. எனக்கு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. எங்கள் ஊர் வத்திராயிருப்புக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன்.

"அம்மா, அம்மாச்சி பாடுமே, அந்த ஒப்பாரியைக் கொஞ்சம் பாடு."

எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு, "விளக்கு வச்ச நேரத்துல வீட்டுக்குள்ள ஒப்பாரி பாடச் சொல்றியே, யாருக்குடா நாள் குறிச்சிருக்க?"

"சரி, தாலாட்டு?"

"வெறுந்தொட்டில ஆட்டக் கூடாது. நீ கல்யாணம் பண்ணிப் பிள்ளையப் பெறு, விடிய விடிய பாடுறேன்."

இந்தப் பேச்சு எங்கே போகும் என்று தெரிந்ததால் அவசரமாக நடவுப் பாட்டுக்குத் தாவினேன்.

"வயல வித்துல்ல ஒன்னைய லண்டனுக்கு அனுப்புனோம். எந்த வயல்ல நின்னு பாடச் சொல்ற?"

"நியூகாசில்மா."

"எல்லாம் லண்டன்தான்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அம்மாவே இறங்கிவந்தாள். "நல்லதங்கா கதை வேணா பாடலாம். அது கதைதான, தோசமில்ல. என்னைக்கு ஒனக்குக் கச்சேரி?"

"வியாழன்."

"அப்ப சரி. செவ்வாய் வெள்ளின்னா சொல்லியிருக்க மாட்டேன்."

அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயிலே இருக்கிறது, எங்கள் ஊருக்குப் பக்கம்தான். அந்தக் கதை எனக்குத் தெரியாதா என்ன? மானாமதுரையில் பஞ்சம், ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள், அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான், அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள், கடைசியில் கிணறு. தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா மாட்டுக் கொட்டகைக்குப் போய் நின்றுகொண்டு பாட ஆரம்பித்ததும், மூத்தவன் கிணற்று மேட்டிலிருந்து ஓடுகிற இடத்தில் எனக்குக் கதை தெரியாது என்று தெரிந்தது. நடுவில் இரண்டு முறை மாடு கத்தியது. அதையும் சேர்த்துப் பதிவு செய்துகொண்டேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கதையைச் சொன்னேன். "ஏழு பிள்ளைகளுமா?" என்றார் பொருளாளர். ஏழும், பிறகு தாயும் என்றேன். அதற்கப்புறம் அண்ணன் திரும்பி வந்ததும் நடப்பதையும் சொன்னேன். அறை அமைதியாகிவிட்டது. தாடிக்காரர் விரல்விட்டு எண்ணினார். சைல்ட் தொகுப்பில் இதற்கு ஈடாக ஒன்றைத் தேடுகிறார் என்று முகத்தில் தெரிந்தது. ஓட்டை வண்டியை ஓட்டுகிறவன் எதிரே பெரிய லாரி வந்தால் ஒதுங்குவானே, அப்படி ஒரு மரியாதை அவர் கண்ணில் வந்தது. டப்பாப் பாட்டி என் கையைப் பிடித்து, "அழகு" என்றார்.

எல்லோரும் சேர்ந்து பாடும் அடி எங்கே என்று கேட்டார்கள். அது இல்லாமல் இவர்களுக்கு ஆகாது. கதை சொல்லும்போது எங்கள் பக்கத்தில் வில்லுப்பாட்டுக்காரர்களுக்குப் பின்பாட்டு ஒருவர் 'ஆமா' போடுவார், அதைப் போடுங்கள் என்றேன். ஒத்திகை ஆரம்பமானது. "நல்லதங்காள் புறப்பட்டாள்." "ஆமா." "ஏழு பிள்ளைகளோடு." "ஆமா." மூன்றாவது ஆமாவிலேயே பொருளாளர் கீழே இறங்கிவிட்டார், பாட்டி மேலே போய்விட்டார். நான்கு குரலில் ஆமா. அதைப் போனில் அம்மாவுக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டாள். "நல்லாத்தான் ஆமா போடுறாக. வயசானவுகளா இருக்காகளே, வந்தவுகளுக்கு என்ன குடுப்பீக?"

"பிஸ்கட்மா."

"பிள்ளைக பசியில சாகுற கதையச் சொல்லிட்டு, வெறும் பிஸ்கட்டா குடுத்து அனுப்புவ?"

ஆகவே செப்டம்பர் முதல் வியாழன் 38 பேருக்குப் புளியோதரை. தாடிக்காரருக்கு மட்டும் ஒரு மனக்குறை, நல்லதங்காளுக்கு எண் இல்லாமல் எப்படி நிரலில் போடுவது என்று. இரண்டு நாள் யோசித்துவிட்டு, 305-க்கு அடுத்து என்ன வரும் என்று என்னையே கேட்டார். நிரலில் என் பெயருக்குப் பக்கத்தில் 306 என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். அன்று மாலை நாற்காலி யார் போடுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. கேட்டால் எல்லோரும் ஆமா என்கிறார்கள்.