உண்ணி: களக்காட்டுப் புறவாசலை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழில் இனி ஆய்வு செய்யப் பொருளே மிச்சமில்லை என்று நண்பர்களிடம் அலுத்துக்கொண்டிருந்த மாலையில்தான் எங்கள் வீட்டு மணி காதைச் சொறிந்தது. மணி ஒரு நாய். காதை மடித்துப் பார்த்தேன். ஆமணக்கு விதை அளவில் ஏழு, மிளகு அளவில் பதினொன்று, எள் அளவில் எண்ணில் அடங்காதவை. உவமை என்னுடையது என்று அரைநாள் பெருமைப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, தாவரவியலார் ஆமணக்குக்குச் சூட்டிய ‘ரிசினஸ்’ என்ற பெயருக்கு லத்தீனில் பொருளே உண்ணிதான் என்பது. முன்னோர் எந்த ஆய்வாளருக்கும் எதையும் மிச்சம் வைப்பதில்லை.

ஆய்வு எல்லை

ஊர் களக்காடு. மேற்கே மலை, மலையில், 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறைக் காடு. புலி பார்க்க வருகிறவர்களில் பலர் புலியைப் பார்க்காமலும், சிலர் உண்ணியோடும் திரும்புகிறார்கள். ஆனால் இவ்வாய்வு காட்டுக்குள் போகாது. இதன் எல்லையைப் பத்திர நடையில் சொல்வதானால்: முருங்கைக்கு மேற்கு, தொழுவுக்குக் கிழக்கு, அங்கணத்துக்குத் தெற்கு, பக்கத்து வீட்டு ஆச்சியின் வேலிக்கு வடக்கு. இந்நான்கு எல்லைக்கு உட்பட்ட புறவாசல், அதிலுள்ள வாழைச்சருகுக் குவியல் உட்பட.

சொல்லாராய்ச்சி

உண் என்னும் பகுதியோடு இகர விகுதி சேர, உண்பது உண்ணி. எதை உண்பது என்று பெயர் சொல்லவில்லை. பசுவின் மடியிலேயே குடியிருந்தும் பாலைத் தொடாமல் ரத்தத்தைத் தேடும் பிராணிக்கு இந்த மறைப்பு தேவைப்பட்டிருக்கலாம்.

மலைக்கு இந்தப் பக்கம் உண்ணி என்றால் ரத்தம் உறிஞ்சுவது. மலையேறி அந்தப் பக்கம் இறங்கினால், மலையாளத்தில், உண்ணி என்பது செல்லக் குழந்தை. ஒரே சொல்லுக்கு இத்தனை முரண்பட்ட பொருள் எப்படி என்று வியந்தேன். கல்லூரியில் படிக்கும் இரண்டு மகன்களைப் பெற்ற நண்பர், முரண்பாடு எதுவும் தமக்குத் தெரியவில்லை என்றார்.

மாட்டின் காலடியில் மேயும் வெள்ளைக் கொக்கு, உண்ணிக்கொக்கு. அலங்காரத்துக்கென்று வெள்ளைக்காரர் கொண்டுவந்து, இன்று காட்டையே மூடிக்கிடப்பது உண்ணிச்செடி. பத்திரிகைகள் உண்ணிக்காய்ச்சல் என்று எழுதுவது ஸ்க்ரப் டைஃபஸ். இதில் ஒரு பாடபேதம் உண்டு: அந்தக் காய்ச்சலைப் பரப்புவது உண்ணி அன்று, புதரில் வாழும், கண்ணுக்கே எளிதில் படாத சிற்றுண்ணியின் இளம்புழு. செய்யாத குற்றத்துக்கும் பெயர் சுமக்கிறது நம் ஆய்வுப்பொருள்.

இலக்கணத்தில் இடம்

தொல்காப்பிய மரபியல் எறும்புக்கும் சிதலுக்கும் மூன்று அறிவு தருகிறது. நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு. உண்ணிக்கு எத்தனை? தொடும், சுவைக்கும், முன்னங்காலால் மோப்பம் பிடிக்கும். நான்காவது அறிவு கண். நாயுண்ணிக்குக் கண் உண்டு. குரங்குக் காய்ச்சலைப் பரப்பும் காட்டுண்ணி இனத்துக்குக் கண்ணே கிடையாது. ஆக வீட்டு உண்ணி நாலறிவு, காட்டு உண்ணி மூவறிவு என்று துணிகிறேன். மறுப்பவர்கள் மரபியலையும் உருப்பெருக்கியையும் எடுத்துக்கொண்டு வரலாம்.

முன்னாய்வுகள்

1893இல் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும், அமெரிக்க மாடுகளைக் கொன்ற டெக்ஸாஸ் காய்ச்சலை உண்ணியே கடத்துகிறது என்று நிறுவினார்கள். ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாவைக் கண்டது 1897இல். நோய் பரப்பும் புகழில் மலேரியாக் கொசுவுக்கு உண்ணி நான்கு வருடம் மூத்தது. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அவற்றைக் கொன்ற குரங்குக் காய்ச்சல் வைரஸையும் சுமந்தது உண்ணிதான்.

ஜெர்மானிய அறிஞர் ஊக்ஸ்கூல் 1934இல் எழுதிய நூலில் உண்ணிக்குத் தத்துவத் தகுதியே கொடுத்தார். செடி நுனியில் அது காத்திருக்கிறது. விலங்கின் வியர்வை வாடை, உடற்சூடு, மயிரில்லாத தோல்: இவை மூன்றும்தான் அதன் உலகம். ரோஸ்டாக் நகர ஆய்வகத்தில் பதினெட்டு வருடம் பட்டினியாகவே உயிரோடிருந்த உண்ணிகள் உண்டு என்றும் எழுதினார். இந்தப் பொறுமையோடுதான் நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மோதப் பார்க்கிறோம்.

கருதுகோளும் அதன் வீழ்ச்சியும்

கருதுகோள்: நாயுண்ணி நாயில் இருக்கிறது. பெயரே சாட்சி. எனவே நாயைக் குளிப்பாட்டினேன், ஒன்றுவிடாமல் பொறுக்கினேன், ஆய்வை முடித்ததாக அறிவித்தேன். பத்து நாளில் மணி மறுபடி காதைச் சொறிந்தது.

வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி, புறத்தேர்வாளர் என்ற முறையில், ஒரே கேள்வி கேட்டாள்: “ஏய்யா, நாயையே பாத்துக்கிட்டு இருக்கியே, செவத்தப் பாத்தியா?”

பார்த்தேன். தொழுச் சுவரின் வெடிப்பில் ஒரு வரிசை மேலேறிக்கொண்டிருந்தது. நாயுண்ணி வாழ்நாளில் மூன்று முறை நாய்மேல் ஏறி, மூன்று முறை இறங்கும். ஆறு கால் குஞ்சாக ஏறி ரத்தம் குடித்து இறங்கித் தோலுரிக்கும்; எட்டுக் காலோடு ஏறி மறுபடி இறங்கித் தோலுரிக்கும்; வளர்ந்து ஏறி, வயிறு புடைக்கக் குடித்து, கடைசியாக இறங்கிச் சுவர் இடுக்கில் முட்டையிட்டுச் சாகும். முட்டை ஆயிரக்கணக்கில், நாலாயிரத்தைத் தொடுவதும் உண்டு. நாய் அதற்குச் சாப்பாட்டுக் கடை மட்டுமே. குடியிருப்பு நம் சுவரில். மாட்டுண்ணி மட்டும் குஞ்சு முதல் முதுமைவரை ஒரே மாட்டில் தங்கும். அதுவும் முட்டையிடத் தரைக்குத்தான் இறங்கும்.

திருத்திய ஆய்வு முறை

ஒன்று, நாய். முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். நகத்தால் நசுக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். மண்ணெண்ணெய், பீடி நெருப்பு ஆகிய மரபு வழிகள் இவ்வாய்வில் தள்ளுபடி.

இரண்டு, சுவர். வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைத்து வெள்ளையடிக்க வேண்டும்.

மூன்று, தரை. சருகை வாரிப் புல்லை ஒட்ட வெட்டி, வெயில் மண்ணைத் தொட வழிவிட வேண்டும். குஞ்சுக்கு ஈரம் வேண்டும், காய்ந்தால் பிழைக்காது. வாழைச்சருகை “உரத்துக்கு ஆகும்” என்று குவித்து வைத்தவன் நானே என்பதை ஆய்வு நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

நான்கு, மருந்து. கால்நடை மருத்துவரைக் கேட்டு, நாய்க்கும் சுவருக்கும் ஒரே நாளில் அடித்து, அவர் சொன்ன இடைவெளியில் மறுபடியும் அடிக்க வேண்டும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

ஐந்து, மூலிகை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிய குறிப்பு மாட்டுக்குச் சொல்வது: பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், வசம்பு, மஞ்சள், துளசி, இவற்றோடு ஒரு கைப்பிடி உண்ணிச்செடி இலை. அரைத்துக் கரைத்து வடிகட்டி மாட்டின் மேலும் தொழு இடுக்குகளிலும் தெளிக்க வேண்டும். மாடு தின்றால் ஈரலைக் கெடுக்கும் செடி, தெளித்தால் உண்ணிக்கு எதிரி. பெயர்ப் பொருத்தம் பார்த்த ஒரே மருந்து இதுவாகத்தான் இருக்கும்.

ஆறு, கோழி. வேலியில் ஓர் ஓட்டை விட்டேன். ஆச்சியின் கோழிகள் வந்து களப்பணி செய்தன, படி கேட்கவில்லை.

முடிவுரை

உண்ணியின் பலம் ரத்தம் குடிப்பதில் இல்லை, காத்திருப்பதில் இருக்கிறது. நம் பலவீனம், ஒருமுறை செய்துவிட்டு மறந்துபோவது. ஆகவே வாசகர்களுக்கு விண்ணப்பம்: மழைக்கு முன்னும் பின்னும் புறவாசலைக் கூட்டுங்கள். நாயின் காதைப் பார்க்கும் கண்ணாலேயே சுவரையும் பாருங்கள். புதர்ப்பக்கம் போய்வந்த பிறகு காய்ச்சலும், உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கும் கண்டால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பொருக்கைக் காட்டுங்கள். ஸ்க்ரப் டைஃபஸுக்கு நல்ல மருந்து இருக்கிறது. தள்ளிப்போட்டால்தான் உயிருக்கு ஆபத்து.