காந்தம் வேண்டி ஒரு விண்ணப்பம்

மேன்மை தங்கிய வீட்டுவசதி நிறுவனத்தின் பழுதுபார்ப்புப் பிரிவுக்கு,

லண்டனில் தங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் வாடகைதாரன் வணக்கத்துடன் எழுதுவது.

எங்கள் ரேடியேட்டர்கள் மேலே சுட்டன, கீழே சில்லிட்டன. காற்று அடைத்திருக்கும், திறந்துவிடுங்கள் என்று அருளினீர்கள். காற்று அடைத்தால் மேல்பக்கம்தான் குளிரும். கீழ்ப்பக்கம் குளிர்ந்தால் உள்ளே சேறு படிந்திருக்கிறது. இயற்பியல் தங்கள் சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட மறுப்பதற்கு நான் பொறுப்பல்ல.

அந்தச் சேற்றின் பெயர் மேக்னடைட். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் எஃகு ரேடியேட்டரை உள்ளிருந்து அரிக்க அரிக்க உண்டாகும் கறுப்பு இரும்பு ஆக்சைடு. அது பம்பில் ஒட்டும். பாய்லரின் வெப்பப் பரிமாற்றியில் உள்ள குறுகிய வழிகளை அடைக்கும். முதலில் பம்பை மாற்றினீர்கள். பிறகு பாய்லரையே மாற்றினீர்கள். குழாய்களைக் கழுவாமலே மாற்றியதால், வந்த அன்றே புது பாய்லருக்குப் பழைய சேற்றில் விருந்து. அந்தச் சேற்றைப் பிடிக்கும் காந்த ஃபில்டர் கேட்டால் மட்டும் பட்ஜெட்டில் இடமில்லை. கடுகு போகிற இடத்தைத் தடவிப் பார்ப்பவருக்குப் பூசணிக்காய் போவது தெரியாது என்பார்கள். தாங்கள் போக்கியவை ஒரு பம்பும் ஒரு பாய்லரும்.

தொடர்ந்து எழுதியதில் மனமிரங்கி ஃபில்டரும் தந்தீர்கள். ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பும் தண்ணீர்தான் சேற்றைச் சுமந்து வருகிறது. ஆகவே அந்தத் திரும்புகுழாயில், பாய்லருக்குச் சற்று முன்னால் மாட்டுவது உலக வழக்கம். தங்கள் ஆள் பாய்லரிலிருந்து கிளம்பும் குழாயில் மாட்டினார். பாய்லர் விழுங்கியது போக மிச்சத்தைச் சேகரிக்கலாம் என்ற சிக்கன எண்ணம் போலும்.

அதுவும் அலமாரிப் பலகையை ஒட்டி. மூடியைத் திறந்து காந்தத்தை உருவினால்தான் உறையில் ஒட்டிய சேறு விடுபடும், கழுவ முடியும். இங்கே பலகைக்கும் மூடிக்கும் நடுவில் விரல்கூட நுழையாது. ஆண்டு சர்வீஸுக்கு வந்தவர் ஃபில்டரைப் பார்த்தார். ஃபில்டரும் அவரைப் பார்த்தது. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுக் கிளம்பினார். கறுப்புத் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சிந்தாத அவர் கைச்சுத்தம் பாராட்டுக்குரியது.

2019-இல் திருத்தப்பட்ட பிஎஸ் 7593 என்ற பிரிட்டிஷ் தரநிலை, குழாய்களைக் கழுவு, அரிப்புத் தடுப்பு மருந்தை ஊற்று, ஃபில்டர் மாட்டு, மருந்தின் அளவை ஆண்டுதோறும் சோதி என்கிறது. தாங்கள் நடுவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள், அதையும் தலைகீழாக.

எனவே தாழ்மையுடன் கேட்பது: ஃபில்டரைத் திரும்புகுழாய்க்கு மாற்றுங்கள். எங்கள் குழாய் 22 மில்லிமீட்டர். அதற்குப் பொருந்துவதாக வாங்குங்கள். செம்புத் துகளையும் சுண்ணாம்புப் பொருக்கையும் காந்தம் இழுக்காது. ஆகவே உள்ளே வலையும் இருக்கட்டும். இருபக்கமும் அடைப்பு வால்வு வேண்டும். இல்லையேல் ஃபில்டரைக் கழுவும் ஒவ்வொரு முறையும் ரேடியேட்டர் குழாய்களில் உள்ள தண்ணீர் முழுவதையும் வடிக்க நேரும். மாட்டுவதற்கு முன் குழாய்களைக் கழுவுங்கள், பிறகு மருந்தை ஊற்றுங்கள்.

பலகையை நானே கழற்றி வைத்துவிட்டேன். அதற்கு விண்ணப்பப் படிவம் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
கீழே குளிர்ந்த வாடகைதாரன்