ஒரே தட்டில் மாமனார்

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் பெரிய ஊர் என்றும் சொல்ல முடியாது, சின்ன ஊர் என்றும் சொல்ல முடியாது. 2020 கணக்கெடுப்பின்படி ஒன்பது லட்சத்துச் சொச்சம் பேர். நியூயார்க்காரர் கேட்டால் கிராமம் என்பார். ஒஹையோவில் சோளம் போடுகிறவர் கேட்டால் பட்டணம் என்பார். அமெரிக்காவின் சராசரி மனிதன் இங்கேதான் வசிக்கிறான் என்று கம்பெனிகள் எப்போதோ முடிவு கட்டிவிட்டன. அதனால் புது பர்கரானாலும் புது சாஸானாலும் முதலில் எங்கள் வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நாட்டுக்குக் கொடுப்பார்கள். ஒயிட் கேசில் தன் தலைமையகத்தை 1934இல் இங்கே மாற்றிக்கொண்டது. வெண்டிஸ் தன் முதல் கடையை 1969இல் இங்கே திறந்தது. சோதனை எலிகளுக்குத் தலைநகரம் என்று ஒன்று இருந்தால் அது எங்கள் ஊர்தான்.

இந்த ஊரில் எத்தியோப்பியச் சாப்பாடு கிடைக்கும் என்றால் யாரும் நம்புவதில்லை. கிடைக்கிறது. சோமாலிச் சோறும் நேபாளத்து மோமோவும்கூடக் கிடைக்கின்றன. தேடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

புதிதாக வந்தவர்கள் நகரின் நடுவில் போய்த் தேடுவார்கள். அங்கே சுவரின் பூச்சை உரித்துச் செங்கல்லைக் காட்டியிருப்பார்கள். உரித்த கூலியும் நம் பில்லில்தான் சேரும். தட்டு அகலமாக இருக்கும். அதன் நடுவில் சாப்பாடு இருப்பதாக சர்வர் வந்து விளக்குவார்.

விஷயம் தெரிந்தவர்கள் வடக்கே மோர்ஸ் ரோட்டுக்கு வண்டியைத் திருப்புவார்கள். 1964இல் அங்கே நார்த்லாண்ட் மால் திறந்தபோது ஊரே திரண்டு போனதாம். பிறகு புதிய மால்கள் வந்து கூட்டத்தை இழுத்துக்கொள்ள, 2002இல் அதை மூடிவிட்டார்கள். மால் படுத்ததும் சுற்றியிருந்த கடைகளின் வாடகை இறங்கியது. இறங்கிய வாடகையில் உலகம் வந்து குடியேறியது. ஒரு காலத்தில் டாய்ஸ் ஆர் அஸ் பொம்மைக்கடை இருந்த கட்டடத்தில் இன்று சராகா என்ற பன்னாட்டு மளிகைக்கடை இருக்கிறது. குழந்தைகள் பொம்மைக்காக அழுது புரண்ட தரையில் இப்போது பெரியவர்கள் பலாக்காய்க்கும் கருவாட்டுக்கும் நடுவில் தள்ளுவண்டியோடு திசை தெரியாமல் நிற்கிறோம். மிளகு விளையும் நாட்டைத் தேடிக் கிளம்பிய கொலம்பஸ் அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அவர் பெயர் கொண்ட ஊரில் மிளகு பவுண்டுக் கணக்கில் கிடைக்கிறது. வண்டி நிறுத்தவும் தாராளமாக இடம் இருக்கிறது.

நல்ல கடையைக் கண்டுபிடிக்கச் சில லட்சணங்கள் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, மறுபக்கம் முடிவெட்டும் கடை இருக்க வேண்டும். வாசலில் டாக்சிகள் நிற்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய சாப்பாட்டுப் படங்கள் வெயிலில் வெளுத்துக் கோழியும் கீரையும் ஒரே நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரம் போட்டவர்களைப் பொருட்படுத்தாமல் ஒற்றை நட்சத்திரக்காரர்களைப் படியுங்கள். ‘காரம் அதிகம்’ என்று எழுதியிருந்தால் நம்பிக்கை வைக்கலாம். ‘முள்கரண்டி கேட்டும் தரவில்லை’ என்று எழுதியிருந்தால் உடனே கிளம்பிவிடலாம்.

இந்தச் சமையல்காரர்கள் யாரும் ஒஹையோவின் பனியை ரசிக்க வந்தவர்கள் இல்லை. எத்தியோப்பியர்கள் 1974 புரட்சிக்குப் பின் ராணுவ ஆட்சிக்குத் தப்பிக் கிளம்பினார்கள். 1980இல் வந்த அகதிகள் சட்டம் அவர்களுக்கு அமெரிக்காவின் கதவைத் திறந்தது. 1991இல் சோமாலிய அரசு கவிழ்ந்தது. பூட்டான் தன் நேபாளி மொழிக் குடிமக்களை விரட்டியது. நேபாளத்து முகாம்களில் பல ஆண்டுகள் கிடந்தவர்கள் 2008 முதல் இங்கே வந்தார்கள். இன்று அமெரிக்காவில் மினியாபொலிஸுக்கு அடுத்தபடியாகச் சோமாலியர் அதிகம் வாழ்வது எங்கள் ஊரில்தான். எல்லாம் இழந்து வந்தவர்கள் கடை திறந்து ஊருக்குச் சோறு போடுகிறார்கள். விசாவில் விமானம் ஏறி வந்த நாங்கள் புறநகரில் வீடு வாங்கிப் புல் வெட்டுகிறோம்.

கோடையில் மாமனார் மாமியோடு வந்தார். கும்பகோணத்துக்காரர், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், சுத்த சைவம். வந்த நாளிலிருந்து பீட்சாவைப் பகையாளியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மனைவியும் அவர்களை மோர்ஸ் ரோட்டுப் பக்கம் ஓர் எத்தியோப்பியக் கடைக்கு அழைத்துப்போனோம்.

“ஆப்பிரிக்காக்காரங்க கடையில எனக்கு என்ன இருக்கும் மாப்ளே?” என்றார்.

இருந்தது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட நோன்பு என்று ஆண்டில் பாதிக்கு மேல் விரதம் இருப்பவர்கள். விரத நாளில் கறி கிடையாது, பால் கிடையாது, வெண்ணெய்கூடக் கிடையாது. பருப்பு, பட்டாணி, கீரை, கோஸ், கடலைமாவில் செய்த ஷீரோ என்று அவர்கள் விரதம் இருக்கிற அழகைப் பார்த்தால் நம் விருந்துக்கு வெட்கம் வரும்.

பெரிய வட்டத் தட்டு நிறைய இஞ்செரா வந்தது. தெஃப் என்ற பொடித் தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, கல்லில் ஊற்றி, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்து எடுப்பது. மாமா ஓரத்தைப் பிய்த்துச் சுவைத்தார்.

“தோசைதான். மாவை அரைச்சு வெச்சுட்டு ஊருக்குப் போயிட்டாங்க போல.”

அடுத்த கேள்வியில்தான் சிக்கல் இருந்தது. “எனக்குத் தட்டு எங்கே?”

தனித் தட்டு இல்லை. நால்வருக்கும் அது ஒன்றுதான். எல்லோரும் அதிலேயே பிய்த்து, அதிலேயே தோய்த்துச் சாப்பிட வேண்டும். எச்சில், பத்து என்று வாழ்ந்து பழகிய மனிதர் அந்தத் தட்டைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பிறகு மின்வாரியத்துக்காரர் நிதானத்தோடு, கீரைக்கும் பட்டாணிக்கும் நடுவில் விரலால் ஒரு கோடு போட்டார். “இது என் பக்கம். யாரும் தாண்டாதீங்க.”

கோடு ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. சிவப்புப் பருப்பு எங்கள் பக்கம் இருந்தது. பெர்பெரே மசாலாவின் வாசனை அவரை இழுக்க, முதலில் தாண்டியவர் அவரேதான்.

அதோடு போகவில்லை. பெரியவர் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்த கடைக்கார அம்மாள் பக்கத்தில் வந்து, இஞ்செராவில் பருப்பைச் சுருட்டி, கவளத்தை நேரே அவர் வாயருகே நீட்டினார். குர்ஷா என்பார்கள், மரியாதைக்கும் பிரியத்துக்கும் அடையாளம். மறுத்தால் மனம் நோவார்கள். மாமா என்னைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். உதவி எங்கிருந்தும் வரவில்லை என்றதும் வாயைத் திறந்தார்.

“இத்தனை வருஷமா சமைச்சுப் போடறேன். குறை சொல்லத்தான் வாயைத் திறப்பார். ஊட்டிக்கத் திறந்து இன்னைக்குத்தான் பார்க்கறேன்” என்றார் மாமி.

பிறகு காப்பி. பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, புகையை ஒவ்வொருவர் மூக்கருகேயும் காட்டிவிட்டு, ஜெபெனா என்ற மண்கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றுகிறார்கள். மூன்றாவது சுற்றுக்கு முன் எழுந்து போவது மரியாதை இல்லை. பால் இல்லாக் காப்பியை மருந்து என்று நினைக்கும் மாமா, காப்பி பிறந்ததே எத்தியோப்பியாவில்தான் என்று நான் சொன்னதும் கும்பகோணத்தின் சார்பில் மௌனமாக மூன்றையும் குடித்தார்.

சுவரில் அவர்கள் நாட்டுக் காலண்டர் தொங்கியது. நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்தங்கியது, ஆண்டுக்கு 13 மாதம் என்று விளக்கினேன். மாமா கணக்குப் போட்டார்.

“அப்ப அங்கே பென்சன் பதிமூணு மாசத்துக்கும் தருவாங்களா மாப்ளே?”

இதுபோன்ற ஊர்களுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ரசப்பொடியும் பருப்புப்பொடியும் கொண்டுவாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வந்த முதல் வாரமே, இந்த ஊரில் மூடிப்போன மால் எங்கே இருக்கிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். நல்ல சாப்பாடு அதைச் சுற்றித்தான் கிடைக்கும்.