வண்டி மூச்சு விடோணுமுங்க

சங்ககிரிப் பக்கம் ஒரு பட்டறை. என் மாமாவின் ஆறு சக்கர லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்த மேஸ்திரி தலையை மட்டும் வெளியே நீட்டி அருள்வாக்குச் சொன்னார்: "வண்டி மூச்சு விடோணுமுங்க. இந்த சைலன்சர் அது மூக்கப் புடிச்சுக்கிட்டு இருக்குது. கழட்டிப் போட்டுட்டு நாலு இஞ்சுல நேர்குழாய் உட்டமுன்னா லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் கூடக் குடுக்குமுங்க."

மாமா உடனே லோடு சீட்டின் முதுகில் கணக்குப் போட்டார். 2006-ல் எடுத்த வண்டி. மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது. நாலரை கொடுக்கிற வண்டி ஐந்து கொடுத்தால் மாதம் 178 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் பதினாறாயிரத்துச் சொச்சம். குழாய்க்கும் வெல்டிங்குக்கும் 18,000. ஒரு மாதத்துச் சொச்சத்தில் போட்ட காசு கைக்கு வந்துவிடும். இருபது வருடமாக லாரி ஓட்டி இரண்டு தென்னந்தோப்பை விற்ற மனிதருக்கு, லாபம் என்ற சொல் குழாய் உருவில் வந்து நின்றது.

மேஸ்திரி பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் சொன்னதில் ஒரு விரற்கடை உண்மை இருந்தது. டீசல் எஞ்சினில் எரிகிற எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தின் பக்கம் போகிறது. இன்னொரு பங்கை ரேடியேட்டர் விழுங்குகிறது. மிச்சம் சூடாகப் புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. வெளியேறும் வழியில் அடைப்பு இருந்தால் புகையைத் தள்ளவே பிஸ்டன் பாடுபட வேண்டும். டர்போ வண்டியில் அது இன்னும் உறைக்கும், ஏனென்றால் டர்போ சுற்றுவதே வெளியே ஓடுகிற புகையின் வேகத்தில்தான். ஆகவே சைலன்சர் நசுங்கியிருந்தாலோ, உள்ளே கரி கட்டியிருந்தாலோ, மாற்றினால் பலன் தெரியும். மாமா வண்டியின் சைலன்சர் நசுங்கவும் இல்லை, அடைக்கவும் இல்லை. அந்த லாரியில் ஒழுங்காக வேலை செய்த ஒரே உறுப்பு அதுதான்.

வண்டி கரும்புகை கக்கியது நிஜம். கரும்புகை என்பது முழுதாக எரியாமல் போகிற டீசல். அதற்கு நாசில் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது பம்பு டைமிங் தப்பியிருக்க வேண்டும், அல்லது ஏர் ஃபில்டர் புழுதியில் அடைபட்டிருக்க வேண்டும். மாமாவின் வண்டிக்கு மூன்றும் இருந்தன. ஃபில்டரைத் தட்டியபோது அதிலிருந்து கொட்டிய மண்ணில் ஒரு போகம் கடலை போட்டிருக்கலாம். ஆனால் பம்பு நாசில் வேலை கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது. புதுக் குழாயோ ஊருக்கே கேட்கும். காசு செலவழித்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

லாரிக்கு மூச்சு முட்டுகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கழுத்தைப் பிடித்திருப்பது யார் என்பதில்தான் மேஸ்திரி சறுக்கினார். பாவம், அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்க்கிறார். அங்கிருந்து பார்த்தால் டெல்லியும் தெரியாது, கோட்டையும் தெரியாது.

2014 அக்டோபரில் டீசல் விலையைச் சந்தையின் கையில் கொடுத்தார்கள். உலகத்தில் ஏறினால் இங்கே ஏறும், உலகத்தில் இறங்கினால் இங்கே இறங்கும் என்றார்கள். எவ்வளவு நேர்மையான தராசு! உலகத்தில் இறங்க ஆரம்பித்ததும் அந்த நவம்பரிலிருந்து 2016 ஜனவரிக்குள் ஒன்பது தடவை கலால் வரியை ஏற்றித் தராசை நிமிர்த்திவிட்டார்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போயிற்று. எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு விற்கிறவன் காசு கொடுத்தான். நம் லாரிக்காரன் மட்டும் பழைய விலைக்கே டீசல் போட்டான். மே மாதம் முதல் வாரத்தில் மாநில அரசு மதிப்புக் கூட்டு வரியை ஏற்றியதில் லிட்டருக்கு இரண்டரை ரூபாய் கூடியது. இரண்டு நாள் போகவில்லை, மத்திய அரசு ராத்திரியோடு ராத்திரியாக டீசல் மீது 13 ரூபாய் ஏற்றியது. மத்திய வரி மட்டும் லிட்டருக்கு 31 ரூபாய் 83 காசு ஆயிற்று. கட்சிக்குக் கட்சி ஆகாது, கொடிக்குக் கொடி ஆகாது, ஆனால் டீசல் டேங்க் மூடியைத் திறப்பதில் மட்டும் அண்ணன் தம்பி ஒற்றுமை.

அடுத்த மாதம் நாள் தவறாமல் விலை ஏறி, ஜூன் 24 அன்று டெல்லியில் பெட்ரோலையே டீசல் முந்தியது. பிறகு 2021 தீபாவளிக்கு முதல் நாள் பத்து ரூபாயைக் குறைத்துவிட்டு அதற்குப் பரிசு என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்குள் புகுந்தவன் அண்டாவை எடுத்துக்கொண்டு சொம்பைத் திருப்பிக் கொடுத்தால், வாசலில் நின்று நன்றி சொல்ல வேண்டியதுதான்.

இதிலெல்லாம் லிட்டருக்கு ஐந்தும் பத்துமாகப் போனதைப் பற்றி மாமா மூச்சு விடவில்லை. அது விதி. சைலன்சர்தான் எதிரி.

சுங்கச்சாவடிக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒரு பகுதிச் சாவடிகளுக்கு ஏப்ரல் முதல் தேதியும் மீதிக்குச் செப்டம்பர் முதல் தேதியும் கட்டணம் ஏறும். ஒரே நாளில் எல்லாம் ஏறினால் வலி தெரிந்துவிடும் என்ற கருணையாக இருக்கலாம். ஒரே சாலையில் ஒரே திசையில் இரண்டு சாவடிக்கு நடுவே 60 கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்று 2008-ம் வருடத்து விதி இருக்கிறது. விதிக்குப் பக்கத்திலேயே விதிவிலக்கும் இருக்கிறது. சாவடி வரிசையில் எஞ்சின் உறுமியபடி நிற்கிற நேரத்தில் குடிக்கிற டீசலுக்கு எந்தக் குழாய் பதில் சொல்லும்?

பழைய வண்டி என்றால் அதற்குத் தனி மரியாதை. எட்டு வயது தாண்டிய லாரியை வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். 15 வயது தாண்டிய கனரக வண்டிக்கு அந்தச் சான்றைப் புதுப்பிக்கக் கட்டணம் 12,500 ரூபாய் என்று 2021 அக்டோபரில் அறிவிக்கை போட்டார்கள். புது வண்டி வாங்கச் சொல்கிறார்களாம். பசித்தவனிடம் கஞ்சிக் கலயத்தைப் பிடுங்கிவிட்டு, பிரியாணி உடம்புக்கு நல்லது என்று சொல்கிற அக்கறை.

எஃப்.சி. காட்டுகிற நாளில் மாமாவின் வண்டியைப் பார்க்க வேண்டும். நேர்குழாய் இறங்கும், பரணில் இருந்த பழைய சைலன்சர் ஏறும், புதுப் பெயின்ட் மினுங்கும். சாயங்காலம் எல்லாம் பழையபடி கழற்றப்பட்டு உள்ளே போய்விடும். திருவிழா முடிந்ததும் சாமி நகை பெட்டிக்குள் போவது மாதிரி. வண்டியை அனுமதியில்லாமல் மாற்றினால் ஆறு மாதம் சிறை அல்லது 5,000 ரூபாய் என்று 2019 திருத்தச் சட்டம் பயமுறுத்துகிறது. பயந்தவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை. அதற்கான விலைப்பட்டியல் சட்டப் புத்தகத்தில் இல்லை, நெடுஞ்சாலை ஓரத்து மரத்தடியில் இருக்கிறது.

புகைச் சான்று அதைவிட அழகு. பழைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுக்கு மேல் புகை போகக் கூடாது. அளப்பது எப்போது? வண்டி நிற்கும்போது, நியூட்ரலில், ஆக்சிலேட்டரை மிதித்து. ஏற்றத்தில் முக்கி முனகிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகத்தில் கரியை ஊதும்போது யாரும் அளப்பதில்லை. நிற்கிற இடத்தில் யோக்கியனாக இருந்தால் போதும். தேர்தல் மேடையில் தலைவர்களுக்கும் அதே பரிசோதனைதானே. சில இடங்களில் வண்டி நிற்கக்கூட வேண்டியதில்லை, அதன் போட்டோ போனால் போதும்.

இனி மாமாவின் பக்கம். அவரை மட்டும் விட்டுவிட்டால் இந்த ஊரில் எனக்குச் சோறு கிடைக்கும், தூக்கம் வராது.

2018 ஜூலையில் அச்சுக்கு அச்சு எடை வரம்பைக் கூட்டிக் கொடுத்தார்கள். கூட்டியதற்கு மேலும் மூன்று டன் ஏற்றுகிறவர் என் மாமா. ஏற்றாவிட்டால் புக்கிங் ஆபீஸில் அடுத்த வண்டிக்காரர் ஏற்றத் தயாராக இருக்கிறார். மூன்று டன் கூடுதல் சுமையோடு, காற்றுக் குறைந்த ரீட்ரெட் டயரில் ஓடுகிற வண்டி நாலரை கொடுப்பதே அதன் பெருந்தன்மை. அதோடு டிரைவருக்கு இவர் ஒரு மைலேஜ் கட்டி வைத்திருக்கிறார். அதற்குக் குறைந்தால் டிரைவர் படியில் பிடித்தம், மிச்சப்படுத்தினால் அவருக்கு. டெல்லியில் தொடங்கி, கோட்டை வழியாக, சாவடி தாண்டி, புரோக்கர் கையில் புரண்டு இறங்கி வந்த நெரிசலெல்லாம் கடைசியில் ஒரு மனிதனின் வலது கால் கட்டைவிரலில் வந்து உட்காருகிறது.

அந்தக் கட்டைவிரல் என்ன செய்யும்? தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது கியரை நியூட்ரலில் தள்ளச் சொல்லும்.

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் அந்த இறக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுமையோடு இறங்கும் லாரியை பிரேக் மட்டுமே பிடித்து நிறுத்த முடியாது. மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும், சூடேறினால் பிரேக் பிடிக்காது. கியரில் வைத்து இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இதில் கொடுமை என்னவென்றால், கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் பம்பு டீசலை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் செலவாகிறது. அந்த இறக்கத்தில் சேமிப்பு என்று நினைத்து உயிரைப் பணயம் வைக்கிறார்கள், சேமிப்பும் இல்லை.

மாமா வண்டியின் புகைக்குழாயில் ஒரு வால்வு இருந்தது. எக்ஸாஸ்ட் பிரேக் என்பார்கள். இறக்கத்தில் சுவிட்சைத் தட்டினால் அது குழாயை மூடும், புகை திரும்பி பிஸ்டனை எதிர்க்கும், எஞ்சின் வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். "மூக்கைப் புடிச்சுக்கிட்டு" இருந்தது என்று மேஸ்திரி சொன்னாரே, அந்த வகையறா. மலை இறங்கும்போது மூக்கைப் பிடிப்பதற்காகவே வைத்தது. நேர்குழாய் விட்டபோது அதையும் சேர்த்துக் கழற்றினார். சைலன்சராவது எஃப்.சி.க்கு வேண்டுமென்று பரணுக்குப் போனது. வால்வு காயலாங்கடையில் எடைக்குப் போய், இரண்டு டீயும் வடையும் ஆயிற்று.

2020 டிசம்பரில் இதே தொப்பூரில் சிமெண்டு லாரி ஒன்று, நெரிசலில் நின்ற வாகனங்களை வரிசையாக நசுக்கியதில் நான்கு பேர் செத்தார்கள். இப்படி ஏதாவது நடந்தால் அன்று மாலையே முதல் தகவல் அறிக்கை தயார்: ஓட்டுநரின் அஜாக்கிரதை. வரி போட்டவர் ஜாக்கிரதை, கட்டணம் ஏற்றியவர் ஜாக்கிரதை, மூன்று டன் கூடுதலாக ஏற்றச் சொன்னவர் ஜாக்கிரதை, சான்று கொடுத்தவர் மகா ஜாக்கிரதை. அஜாக்கிரதையாக இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர் ஒருவர்தான்.

குழாய் மாட்டி ஒரு மாதம் ஆயிற்று. மைலேஜ் நாலரை. ராத்திரியில் வண்டி வரும் சத்தம் ஊர் எல்லையிலேயே கேட்கிறது, அத்தை எழுந்து அடுப்புப் பற்ற வைக்க வசதி. மேஸ்திரி இப்போது நாலரை இஞ்சுக் குழாய் பற்றிப் பேசுகிறார்.

போன வாரம் நான் மாமா வீட்டுத் திண்ணையில் இருந்தபோது டிரைவர் போன் செய்தார். மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"தொப்பூர்ல நிக்கிறனுங்க ஓனரு. முன்னாடி பெரிய ஆக்சிடென்டுங்க. ரெண்டு வண்டி கவுந்து கெடக்குது. ஆளு போயிருச்சாட்ட இருக்குதுங்க."

மாமா பதறி எழுந்தார்.

"ஏப்பா, எஞ்சின ஆஃப் பண்ணீட்டியா?"