மைக்செட் அண்ணாச்சிக்கு டோக்கியோவிலிருந்து

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

"ஜப்பான்காரன் சத்தமே போட மாட்டானாமே, நம்ம தொழில் அங்க எடுபடாதோல"ன்னு போன்ல கேட்டீங்க. அதுக்குப் பதில் போன்ல அடங்காது. அதான் கடுதாசி.

ரயில்ல எவனும் வாயைத் திறக்க மாட்டான், வாஸ்தவம்தான். ஆனா ஊரு பூரா பாட்டு. ரயில் பொறப்படணும்னா ஸ்டேஷன் பாடும். தக்காதனோபாபா ஸ்டேஷன்ல 'ஆஸ்ட்ரோ பாய்' கார்ட்டூன் மெட்டு, எபிசுவுல 'தி தேர்ட் மேன்'ங்கிற பழைய இங்கிலீசுப் படத்து மெட்டு. குளிக்க வெந்நி ரெடியானா பாய்லர் பாடும். சாயங்காலம் ஆனா கம்பத்துல கட்டியிருக்க முனிசிபாலிட்டி செட்டுல பிள்ளைங்க பாட்டு ஒண்ணு வரும். பூகம்பம் வந்தா எச்சரிக்கச் சொல்லி வச்ச செட்டு அது. வேலை செய்யுதான்னு தினமும் பாட்டுப் போட்டுப் பாத்துக்கிடுதாங்க. அதைக் கேட்டதும் விளையாடுத பிள்ளைங்க வீட்டைப் பாக்கப் போயிருது. நீங்க கோயில் கொடைக்குக் கொடை "மைக் டெஸ்டிங்"னு கத்துததை இவங்க வருசம் பூரா ராகமாப் பண்ணுதாங்க.

ராத்திரி கடை சாத்துத நேரம் ஸ்காட்லாந்துக்காரன் பாட்டு, 'ஆல்டு லாங் சைன்'. அங்க புது வருசத்துக்குக் கைகோத்துப் பாடுதது. ஜப்பான்ல 1881-ல பள்ளிக்கூடப் பாட்டுப் புஸ்தகத்துல சேத்து, படிப்பு முடிச்சுப் போற பிள்ளைங்களை வழியனுப்புத பாட்டா ஆக்கிட்டாங்க. இப்ப அந்த மெட்டு கடையில கேட்டா, காசைக் குடுத்துட்டு நடையைக் கட்டணும்! கடல் தாண்டினா மனுசனுக்கு மட்டுமா, பாட்டுக்கும் வேலை மாறிருது.

நம்ம பாட்டும் கடல் தாண்டினதுதானே. 1952-ல மந்திரி கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவுல சினிமாப் பாட்டுக்குக் கடிவாளம் போட்டாரு. நாடே இலங்கை வானொலிப் பக்கம் காதைத் திருப்பிச்சு. 1957-ல விவித் பாரதி வந்துச்சு, 1963-ல திருநெல்வேலிக்கே நிலையம் வந்துச்சு. ஆனாலும் உங்க கடையில ரேடியோ முள்ளு கொழும்பை விட்டு நகரலையே! கொழும்பு அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா மாதிரி மூச்சு விடாமப் பேசப் பாத்து, கொடைப் பந்தல்ல உங்களுக்குப் புரையேறினது எனக்கு மறக்கல.

கரோக்கே கதை உங்க தொழில் சம்பந்தப்பட்டது. 1971-ல கோபே ஊர்ல இனோவே தைசுக்கேன்னு ஒரு வாத்தியக்காரர், காசு போட்டா பின்னணி இசை மட்டும் வாசிக்கிற பெட்டி செஞ்சு மதுக்கடைங்களுக்கு வாடகைக்கு விட்டாரு. காப்புரிமை வாங்கல. உலகமே காசு பாத்துச்சு, காப்புரிமைக் காசு மட்டும் அவருக்கு வரல. நாம கேக்குதவங்ககிட்ட காசு வாங்காம நாலு ஊருக்குக் கேக்கப் பாட்டுப் போடுதோம். இங்க ஒருத்தருக்கும் கேக்காத ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டுப் பாட மணிக்கணக்குல வாடகை! எங்க மேனேஜர் அங்கதான் 'முத்து' பட ஆட்டத்தை ஆடிக் காட்டினாரு. 1998-ல ஜப்பானையே ஆட்டி வச்ச படம்லா. துண்டு இல்லாததால கழுத்து டையைச் சுழட்டினாரு. ஆபீஸ்ல வணக்கத்துக்குக்கூட அளவு பாத்துக் குனியுத மனுசன்!

நான் முக்கியமாச் சொல்ல வந்தது போன் ஒதோரி. ஆகஸ்ட்ல செத்துப்போன முன்னோர் வீட்டுக்கு வாராங்கன்னு நம்பிக்கை. திடல்ல பரண் கட்டி, மேல பெரிய மேளத்தை வச்சு ஒருத்தர் அடிப்பாரு. சுத்தி ஊரே வட்டமா ஆடும். கிழவியும் ஆடுதா, பேரனும் ஆடுதான். நம்ம கொடைதான் அண்ணாச்சி, கெடா வெட்டு மட்டும் இல்ல. என்ன பாட்டுங்கீங்க? 1985-ல வந்த 'டான்சிங் ஹீரோ', அதுவே இங்கிலீசு டிஸ்கோப் பாட்டை ஜப்பான் பாசைக்குத் திருப்பினது. அடுத்து 'டோக்கியோ ஓண்டோ'. "இது எங்க பாரம்பரியம்"னு பெருமையாச் சொன்னாங்க. விசாரிச்சா 1933-ல கிராமபோன் தட்டுல வந்து சக்கைப்போடு போட்ட பாட்டு!

நான் சிரிக்கல. காருகுறிச்சியார் நாதஸ்வரம் வாசிச்ச 'சிங்கார வேலனே' 1962-ல வந்த 'கொஞ்சும் சலங்கை' சினிமாப் பாட்டுத்தானே? இன்னைக்கு அதைச் சாமி பாட்டுக் கணக்குலதானே நீங்க போடுதீங்க?

அதனால இந்தக் கொடைக்கு டிஜே வேணும்னு பயலுவ கேட்டா மல்லுக்கட்டாதீங்க. ஆனா இங்க டிஸ்கோ ஓடும்போதும் பரண் மேல மேளத்தை மனுசன்தான் அடிக்கான். சுடலை சாமிக்கு முன்னால மகுடப் பறையைக் கணியான்தான் அடிக்கணும். பென் டிரைவ்ல போட்டுச் சமாளிக்கலாம்னு கமிட்டியில எவனும் சொன்னா விடாதீங்க. கணியான் கூத்துக்கு அட்வான்ஸை இப்பவே குடுத்திருங்க. என் கோயில் வரியோட அந்தப் பணத்தையும் சேத்து அனுப்பியிருக்கேன்.

இப்படிக்கு,
உங்க தம்பி