ஊசி இளைக்க வைக்கும், பில்லும்தான்

ஆக்லாந்து மருந்துக் கடைகளுக்கு எடைக் குறைப்பு ஊசியான வெகோவி 2025 ஜூலையில் வந்தது. வந்தபோது விலை மாதத்துக்குச் சுமார் 500 நியூசிலாந்து டாலர். அரசின் மருந்து மானிய அமைப்பான ஃபார்மாக் மானியம் தரும் மருந்து என்றால் பெரும்பாலோருக்கு 5 டாலரோடு வேலை முடியும். எடைக் குறைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரி, தவறாமல் பிரீமியம் கட்டுகிறோமே என்று மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தைப் புரட்டினால், ‘விலக்குகள்’ பட்டியலில் உடல் பருமன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

வெகோவியின் வகையையே சேர்ந்த டுலாக்ளுடைடு ஊசி, தகுதியுள்ள இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிக்கு 2021 முதல் மானியத்தில் உண்டு. ஆக, மானியத்துக்குத் தொந்தி மட்டும் போதாது. சர்க்கரையும் சேர்ந்து வர வேண்டும்.

ஊசிக்கு 500 டாலர் அழுதவர் ஆக்லாந்தின் சாண்ட்ரிங்ஹாம் சாலை உணவகத்தில் நெய் ரோஸ்ட்டை முகர்ந்துவிட்டு நடையைக் கட்டுவார். மருந்து பாதி இளைக்க வைக்கும். மீதியை விலை பார்த்துக்கொள்ளும்.