யூ.பி.எஸ். இலக்கணம்: மூன்று அதிகாரங்களும் ஒரு புறநடையும்

பாயிரம்

சென்னைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரமும், மற்ற மாவட்டங்களுக்கு அதைப்போலப் பல மடங்கும் மின்வெட்டு இருந்த 2012-ஆம் ஆண்டில், வீட்டில் கணினி வைத்திருந்த தமிழர் அனைவரும் மின்னியல் அறிஞர் ஆயினர். ஆயினும் அவ்வறிவைத் தொகுத்து நூல் செய்தார் எவருமிலர். அக்குறை தீர்க்க எழுந்தது இவ்வாய்வு. களம்: ஒரு வீடு. தரவு: ஒரு கணினி, இரண்டு யூ.பி.எஸ்., மூன்று செத்த பேட்டரி.

எழுத்ததிகாரம்

பெட்டி மேல் எழுத்து இருவகைப்படும்: கொட்டை எழுத்து, பொடி எழுத்து. '600 வி.ஏ.' என்பது கொட்டை எழுத்து, வாங்குபவர் படிப்பது. '360 வாட்' என்பது பொடி எழுத்து, கணினி படிப்பது. மானிட்டரோடு சேர்த்து 150 வாட் இழுக்கும் சாதாரணக் கணினிக்கு அதுவே தாராளம். மகன் கேம் ஆடக் கிராபிக்ஸ் கார்டு ஏற்றியிருந்தால் 1,000 வி.ஏ.வுக்குக் கீழே பேச்சில்லை.

உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி. பெருக்கினால் 84 வாட் மணி. 150-ஆல் வகுத்தால் அரைமணிக்குச் சற்று மேலே. "அரை மணி நேரம் கண்டிப்பா நிக்கும் சார்" என்ற கடைக்காரர் போட்டது இந்தக் கணக்குதான். வேகமாக உறிஞ்சினால் பேட்டரி முழுக் கொள்ளளவையும் தராது என்று 1897-இலேயே பியூக்கெர்ட் என்ற ஜெர்மானியர் விதி வகுத்தார். அவர் அந்தக் கடைப் பக்கம் வந்ததில்லை. கைக்குக் கிடைப்பது கால்மணி.

இனி மாத்திரை. பேட்டரிக்கு மாற ரிலேவுக்கு ஆவது சுமார் 10 மில்லி செகண்ட். கண்ணிமைக்கும் பொழுது ஒரு மாத்திரை. அதற்கு 100 மில்லி செகண்டாவது வேண்டும். மகரக்குறுக்கத்துக்கே கால் மாத்திரை உண்டு. ரிலே அதனினும் குறுகியது. கணினிக்குத் தெரியவே தெரியாது. எனவே மாறும் இடைவெளியே இல்லாத, விலை கூடிய 'ஆன்லைன்' வகை வீட்டுக்கு மிகை. வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவென்றால், அதைச் சீராக்கும் ஏ.வி.ஆர். உள்ள 'லைன் இன்டராக்டிவ்' போதும்.

சொல்லதிகாரம்

மின்தடை ஒருமை, பன்மை என இரண்டு. நம் வீட்டு ஃபியூஸ் மட்டும் போனால் ஒருமை, அது துயரம். "எதிர்வீட்லயும் இல்ல" என்றால் பன்மை, அது ஆறுதல்.

ஆறுதலுக்குப் பின் பிறக்கும் சொல், "இப்ப வந்துரும்." 'வந்துவிடும்' என்பதில் உள்ள 'விடு' உறுதிப்பொருள் தரும் துணைவினை, மின்வாரியத்தைக் கேட்டு அதை யாரும் சேர்ப்பதில்லை. கோப்பைச் சேமித்துக் கணினியை அணைக்கக் கொடுத்த கால்மணி, இச்சொல்லின் நிழலில் கரைகிறது. யூ.பி.எஸ். முதலில் தனிச்சொல்லாய்க் கத்தும். கடைசியில் அடுக்குத்தொடராய்க் கத்தும். அடுக்குத்தொடர் விரைவும் அச்சமும் குறிக்கும் என்ற இலக்கணம் இங்கும் பிறழவில்லை.

பொருளதிகாரம்

பொருளாவது பணம். யூ.பி.எஸ். விலையில் பெரும்பங்கு பேட்டரியுடையது. அதன் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். யூ.பி.எஸ்.ஸைக் கணினி மேசையின் காற்றுப் புகாத அறையில் திணிப்பது, சித்திரை வெயிலைக் காசு கொடுத்து உள்ளே அழைப்பது. ஸ்க்ரூ டிரைவரால் திறந்து பேட்டரி மாற்றக்கூடியதையே வாங்குக. பழையதைக் கடையில் கொடுத்தால் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்.

மோடத்துக்கு யூ.பி.எஸ்.ஸில் இடம் கொடுக்கலாம், அது சிற்றுண்ணி. லேசர் பிரின்டருக்குக் கூடாது. சூடேறும்போது மொத்தத்தையும் விழுங்கும்.

புறநடை

பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் விடும் மின்தடை இந்நூலுக்குப் புறம்பு. அதற்கு 150 ஆம்பியர் மணி பேட்டரியோடு இன்வெர்ட்டர் வேண்டும். அது வீட்டில் ஏற்கெனவே இருந்து, 'யூ.பி.எஸ். மோடு' சுவிட்சும் இருந்தால், அதைப் போட்டுவிட்டு இக்கட்டுரையை மறந்துவிடலாம்.

நான்காவதாக யாப்பதிகாரம் ஒன்றும் எழுதினோம். முதற்சங்க நூல்களைக் கடல் கொண்டது என்பர். அவ்வதிகாரத்தை மின்தடை கொண்டது. வந்துவிடும் என்றுதான் இருந்தோம்.